ஊசிமுனையும் மூட்டுநோவும்

ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் ஊர்களுள் ஒன்று குறிஞ்சிப்பிட்டி. கடற்றொழிலும் மணற்றரைத் தோட்டமும் அப்பகுதி மக்களின் பிழைப்பு. ஈரமணலிற் காலூன்றி வலையிழுத்தும், குந்தியிருந்து களை பிடுங்கியும் முதுமை எய்தியோருக்கு முழங்கால் நோவு புதிதன்று. நோவு வந்தால் எண்ணெய் பூசுவர், ஒற்றடம் கொடுப்பர், பின்னர் குளிசையை நாடுவர். அக்குளிசையை நெடுங்காலம் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடக்கூடும் என்பதே கவலை.

இந்நிலையிற்றான் ஊசி வைத்தியமாகிய அக்குபஞ்சர் கவனத்துக்குரியதாகின்றது. சீனத்திற் பிறந்த இக்கலையை, வாதநோய் நிபுணரான அன்டன் ஜயசூரிய 1970களிலே களுபோவிலை அரசாங்க வைத்தியசாலையிற் பயன்படுத்தினார். பிறநாட்டு வைத்தியரும் அங்கு கற்க வந்தனர். குத்திய ஊசிகளிடையே மெல்லிய மின்துடிப்பைச் செலுத்துவது மின் அக்குபஞ்சர் எனப்படும்.

ஊசி நோவைத் தணிப்பது எங்ஙனம்? மூட்டிலே எழும் நோவுச் செய்தி நரம்பு வழியே முண்ணாணை அடைந்து, அங்கிருந்து மூளைக்கு ஏறுகின்றது. முண்ணாணிலே இச்செய்திக்கு ஒரு வாயில் உண்டென்றும், அவ்வாயில் திறக்கவும் அடைபடவும் கூடுமென்றும் 1965ஆம் ஆண்டில் மெல்சாக், வோல் என்னும் அறிஞர் இருவர் கருத்துரைத்தனர். வாயிலை அடைக்கும் பொருள்களுள் ஒரு வகை 1975ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரிலே வெளிப்பட்டது. அபினியிலுள்ள மோர்பின் செய்யும் வேலையைச் செய்யும் என்கெபலின் என்ற பொருளை மூளையே உண்டாக்குகின்றது என ஹியூசும் கொஸ்டர்லிட்சும் கண்டறிந்தனர். எண்டோர்பின், டைனோர்பின் என்பன அதன் உறவுகள்.

பீக்கிங்கிலே ஹான் ஜிஷெங் என்பவர் மின்துடிப்பின் வேகத்தை மாற்றிப் பார்த்தார். விநாடிக்கு 2 துடிப்பாயின் என்கெபலினும் எண்டோர்பினும் சுரந்தன. 100 துடிப்பாயின் டைனோர்பின் சுரந்தது. மோர்பினின் வேலையைத் தடுக்கும் நலொக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, ஊசி தந்த தணிவும் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டின. ஊசி மருந்தெதனையும் உட்செலுத்துவதில்லை. உடம்பிலேயே உள்ள மருந்தைத் தட்டி எழுப்புகின்றது.

ஆயினும், நம்பிக்கையின் பங்கையும் மறத்தலாகாது. மருந்தற்ற மருந்தை நம்பி உண்டோரிடத்தும் இதே சுரப்பு நிகழக்கூடும் என 1978ஆம் ஆண்டின் ஆய்வொன்று உணர்த்திற்று. சீனத்திலே முழங்கால் மூட்டுத் தேய்வுற்ற 480 பேரிடம் நடத்தி 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 3 முறையாக 8 வாரம் மின் அக்குபஞ்சர் பெற்றோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேர் போதிய தணிவு கண்டனர். போலி முறையிலே குத்தப்பட்டோருள் 47 பேர் கண்டனர். வேறுபாடு உண்டு, ஆனால் மலையளவன்று. இதனாற்போலும், அமெரிக்க வாதநோய் வைத்தியர் சங்கம் 2019இல் இம்முறையை நிபந்தனையுடன் ஏற்க, பிரித்தானிய வழிகாட்டி 2022இல் மூட்டுத் தேய்வுக்கு இதனை அளிக்க வேண்டாமென்றது.

ஒன்றை உறுதியாகக் கூறலாம். தேய்ந்த குருத்தெலும்பை ஊசி மீட்டுத் தராது. மூட்டு சிவந்து, வீங்கி, காய்ச்சலும் காணுமாயின் நோவை மட்டும் அடக்குவது, கூரை தீப்பற்ற நாயின் குரைப்பை நிறுத்துவது போலாகும். இதயத்திலே துடிப்புக் கருவி பொருத்தியோர் வைத்தியரைக் கேளாது மின்துடிப்பை ஏற்றலாகாது. ஊசி தூயதாயும், ஒருவருக்குப் பயன்படுத்தியது மற்றவருக்கு ஆகாததாயும் இருத்தல் வேண்டும்.

நோவு தணிந்த வேளையைப் படுத்துக் கழிக்காது, நடக்கவும் தொடைத்தசையை வலுப்படுத்தவும் பயன்படுத்துவோரே முழுப்பயன் அடைவர். ஊசி வாயிலை அடைத்துச் சிறிது ஓய்வு தரும். மூட்டைக் காப்பது அவரவர் முயற்சியே.