பயற்றங்காட்டுப் பாட்டு

மூன்றே சுரங்களில் அடங்கிவிடும் ஒரு கொரிய நாட்டுப்பாட்டை மரிம்பாவுக்கும் ஒற்றைக் குரலுக்குமாக அமைத்த அனுபவத்தை இன்று சொல்கிறேன்.

'பராங்சே', அதாவது நீலப் பறவை பற்றிய பாட்டு அது. கொரியாவில் தாலாட்டாகவும் பாடுவார்கள். பாசிப்பயற்றங்காட்டில் இறங்க வேண்டாம் என்று அந்தப் பறவையிடம் பாட்டு கேட்டுக்கொள்கிறது. பூ உதிர்ந்தால் காய் ஏது? பயற்றுமாவைக் காய்ச்சி, உறையவைத்து, துண்டு போட்டு விற்பவருக்குப் பிழைப்பு ஏது? இவ்வளவுதான் என்று நினைத்துத்தான் நானும் வேலையைத் தொடங்கினேன்.

ஆனால் பாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. 1894-இல் கொரியாவின் ஜொல்லா வட்டார உழவர்கள் வரிக்கொடுமை தாங்காமல் எழுந்தார்கள். அவர்களை நடத்தியவர் ஜொன் போங்ஜுன். ஆள் குள்ளம், அதனால் 'நொக்து', அதாவது பாசிப்பயறு என்றே அவருக்குப் பட்டப்பெயர். அரசுப் படையும் ஜப்பானியப் படையும் சேர்ந்து எழுச்சியை நசுக்கின. 1895-இல் அவரைக் கொன்றார்கள். பாட்டு அவரைப் பற்றியது என்கிறார்கள். இப்போது அந்தப் பயற்றங்காட்டையும், அங்கே வந்து இறங்கும் பறவையையும், அழப்போகும் வியாபாரியையும் நினைத்துப் பாருங்கள். இது தெரிந்த அன்று, எழுதி வைத்திருந்ததில் பாதியை அடித்துவிட்டேன்.

மரிம்பா, மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, அடியில் குழாய்கள் தொங்கவிட்ட வாத்தியம். கைக்கு இரண்டாக நான்கு கோல்கள். ஜலதரங்கம் போலவே, தட்டியதும் ஒலி தேயத் தொடங்கிவிடும். மேல் கட்டைகளில் சட்டென்று, கீழ்க் கட்டைகளில் மெல்ல. சுரத்தை வளைக்கவும் முடியாது. கொரியப் பாட்டுக்கோ வளைவுதான் உயிர். ஜொல்லாப் பாடகர்கள் கீழ்ச் சுரத்தை ஆழமாக அசைப்பார்கள், மேலே ஒன்றைத் தொட்டு இழுத்து இறக்குவார்கள். இந்த அசைவுகளை 'சிகிம்சே' என்கிறார்கள். கமகம் கேட்டுப் பழகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒத்திகையில் பாடிய அம்மையார் இரண்டாம் அடியிலேயே நிறுத்திவிட்டார். நான்கு கோல்களையும் ஓயவிடாமல் சுரக்கூட்டுகளாக எழுதியிருந்தேன்; குரல் அசைய இடமே இல்லை என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். கூட்டுகளை எல்லாம் எடுத்தேன். அடியில் ஒரே ஒரு சுரம், நூல் சுற்றிய மெத்தென்ற கோல்களால் நெடுக உருட்டல். அது கேட்கிறதா இல்லையா என்னும் அளவில் இருந்தால் போதும். குரல் அதன் மேல் தன் விருப்பப்படி அசையட்டும். பூ உதிரும் இடத்தில் மட்டும் உச்சிக் கட்டையில் ஒரு தட்டு. அது உடனே அடங்கிவிடும். அடுத்த அடி வரை மரிம்பா பேசாது. அந்த மௌனத்தை எழுதத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

இப்படி ஒரு பாட்டை எடுத்து அமைக்க நினைக்கும் இளைஞர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், கோலைத் தொடுமுன் ஒரு வாரம் வெறும் குரலில் பாடிப் பாருங்கள். எந்தச் சுரம் வேண்டாம் என்று உங்கள் தொண்டையே சொல்லும்.