வெள்ளிக்காசில் அமர்ந்த தேவி

தேனியிலிருந்து கம்பத்திற்குத் தெற்கு நோக்கிச் செல்வோர்க்கு வலப்புறத்தே மலைத்தொடர் நீங்காத் துணையாக வரும். மேற்கு மலைகளில் விளைந்த மிளகை நாடியே ரோமாபுரி வணிகர் இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் கடல் கடந்து முசிறிக்கு வந்தனர். முசிறியிலிருந்து மதுரைக்குச் சென்ற வழிகளுள் ஒன்று கம்பம் பள்ளத்தாக்கின் ஊடே அமைந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து. அவ்வணிகர் கொணர்ந்த வெள்ளிக்காசு ஒன்றைப்பற்றி மாணவ நண்பர்களாகிய உங்களிடம் பேச விழைகிறேன்.

அதன் பெயர் தெனாரியஸ். எடை ஏறத்தாழ 3.8 கிராம், அரைப் பவுனுக்குச் சற்றே குறைவு. ஒருபுறம் திபேரியஸ் பேரரசனின் தலை. மறுபுறம் இருக்கையில் அமர்ந்த பெண்ணொருத்தி. ஒரு கையில் செங்கோல், மறு கையில் ஒலிவக் கிளை. ரோமர் வழிபட்ட அமைதித் தெய்வமாகிய பாக்ஸ் இவள் என்பர். பேரரசனின் தாய் லிவியாவே அவ்வடிவில் அமர்ந்தாள் என்பாரும் உளர். இலத்தீன் எழுத்தறியாத நம்மவர் இவளை யாரென்று கருதினரோ! கையிலுள்ள கிளையைத் தாமரை என்றெண்ணித் திருமகளாகவே கொண்டிருப்பர் என நான் கற்பனை செய்வதுண்டு.

ரோமர் காசுகளில் தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த 500க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகளுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இருவர் காலத்தவை. காரணம் என்ன? கி.பி. 64இல் நீரோ மன்னன் காசின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். அதன்பின் வெளியான வெள்ளிக்காசுகள் தமிழகத்தில் அரிதாகவே கிடைக்கின்றன. தேவியை இங்கு வரவேற்றது பக்தியன்று, தராசு!

பள்ளத்தாக்கினரும் வெள்ளியின் தரம் அறியாதவரல்லர். போடிநாயக்கனூரில் பழைய வெள்ளி முத்திரைக்காசுகள் குவியலாகக் கிடைத்துள்ளன. அவற்றின் பின்புறத்தே பாண்டியரின் கயல் காணப்படுகிறது.

இத்தகைய காசை உருக்கினால் சிறிது வெள்ளி எஞ்சும். எந்த மண்ணில், எக்காசுகளோடு கிடந்தது என்னும் செய்தி அழிந்துபோம். அச்செய்தியிருந்தால்தான், ‘வழி அமைந்திருக்க வேண்டும்’ என்று நான் தயங்கிச் சொன்னதை ஒருநாள் தயங்காமல் சொல்ல இயலும். நிலத்தில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கம்பத்து உழவர் அதற்கென மதுரைவரை செல்ல வேண்டியதில்லை. ஆட்சியர் அலுவலகம் இப்போது தேனியிலேயே இருக்கிறது.