மாருத்தை வானில் வைத்திருந்தவர்கள்



ஜினகாஞ்சி என்ற சமண மடத்தின் ஊர் இந்த மேல்சித்தாமூர். அகிம்சையை ஏட்டில் எழுதி வைத்ததோடு நில்லாமல், பொழுது சாய்ந்தபின் உணவு கொள்வதில்லை என்று வாழ்ந்து காட்டிய குடும்பங்களின் ஊர். இந்த மேடையில் நின்று போர் விமானத்தைப் பற்றிப் பேசலாமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். தோன்றத்தான் வேண்டும். அந்தக் கேள்வியிலிருந்து நான் நழுவ மாட்டேன். ஆனால் தமிழில் ஒரு பறக்கும் பொறியை, எதனால் செய்தது, எப்படி இயங்கும் என்ற விவரத்தோடு நம் கண்முன் நிறுத்தியவர் ஒரு சமணப் புலவர்தான் என்பதை முதலில் நினைவுபடுத்துகிறேன்.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி. மாணவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். சச்சந்தன் என்ற அரசன் ஆட்சியைக் கட்டியங்காரன் என்ற அமைச்சனிடம் ஒப்படைத்துவிடுகிறான். பின்னால் ஆபத்து வருமென்று உணர்ந்ததும், கருவுற்றிருக்கும் அரசி விசயைக்காக மயிற்பொறி ஒன்று செய்யச் சொல்கிறான். துணி, நூல், அரக்கு, மெழுகு இவற்றையெல்லாம் கொண்டு ஏழே நாளில் பொறி தயாராகிறது. வலப்புறம் திருகினால் எழும்பும், இடப்புறம் திருகினால் இறங்கும். அரசி அதில் ஏறிப் பழகுகிறாள். பயிற்சி தராமல் புலவர் அவளை வானத்துக்கு அனுப்பவில்லை, பாருங்கள்! கட்டியங்காரனின் படை அரண்மனையைச் சூழ்ந்த அன்று அந்த மயில் அவளைச் சுமந்து சென்று சுடுகாட்டில் இறக்குகிறது. அங்கே பிறக்கிறான் சீவகன்.

பறந்தவள் பெயர் விசயை என்று நமக்குத் தெரியும். அவள் மகன் பெயர்தான் காப்பியத்தின் பெயர். பொறியைச் செய்தானே, அவன் பெயர் என்ன? காப்பியம் சொல்லவில்லை.

நம் காலத்திலும் இந்த நாட்டில் ஒரு விமானம் உருவானது. எச்.எஃப். 24, மாருத். இந்தியா தானே வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானம். 1956-ல் வேலை தொடங்கியது. தலைமை ஏற்றவர் குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட ஃபோக்கே வுல்ஃப் 190 அவர் வடித்தது. போருக்குப் பிறகு அர்ஜென்டினா போய் அங்கேயும் ஒரு ஜெட் செய்து பார்த்துவிட்டு, இந்தியாவுக்கு வந்தார். பெங்களூர் எச்.ஏ.எல். விமான நிறுவனத்தில் அவரோடு தோள் சேர்ந்து நின்ற நம்மவர் வி.எம். காட்கே. எச்.டி. 2 என்ற பயிற்சி விமானத்தை அதற்கு முன்பே வடிவமைத்தவர்.

ஜெட் போர் விமானத்தைத் தாமே வடிவமைத்த அனுபவம் அன்றைக்கு நம்மவர் யாருக்கும் கிடையாது. அதனால் முதலில் மரத்தாலேயே முழு அளவில் ஒரு விமானம் செய்தார்கள், எஞ்சின் இல்லாமல். டகோட்டா விமானம் அதைக் கயிற்றில் இழுத்து மேலே கொண்டுபோய் விட்டுவிடும். விமானி அதைச் சறுக்கியபடியே ஓட்டி இறக்குவார். 1959 ஏப்ரலில் தொடங்கி 78 முறை அப்படிப் பறந்து பார்த்தார்கள். மரவேலைக்காரர்களின் கை நேர்த்தியை நம்பி ஒரு மனிதன் வானத்தில் உட்கார்ந்திருந்தான் என்று இதற்குப் பொருள். நிஜ விமானம் 1961 ஜூன் 17 அன்று எழும்பியது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். ஒரு வாரம் கழித்துப் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பார்க்க, மறுபடியும் பறந்தது.

இனிச் சொல்லப் போவதுதான் என் மனத்தை அறுக்கும் இடம். ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்துக்காக வரைந்த உடல் அது. அந்த வேகத்துக்கு வேண்டிய ஆர்ஃபியஸ் 12 என்ற எஞ்சினை பிரிட்டனில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அந்தத் திட்டம் தளர்ந்தபோது, செலவில் இந்தியாவும் பங்கு போட்டால் தொடரலாம் என்ற நிலை வந்தது. டெல்லி பணம் போடவில்லை. எஞ்சின் நின்றுபோனது. நாட் என்ற சின்ன விமானத்தில் ஒன்றே ஒன்று போதும் என்று வைத்த ஆர்ஃபியஸ் வகை எஞ்சினை இதில் இரண்டாகப் பொருத்தினார்கள். ஒலியின் வேகத்தைத் தொடுவதே மாருத்துக்குப் பெரும்பாடாகிவிட்டது. எகிப்தில் உருவான எஞ்சினைக்கூடப் பொருத்திப் பார்த்தார்கள். அதுவும் கைகூடவில்லை. வரைந்தவர்கள் தோற்கவில்லை, ஐயா. எஞ்சினுக்குச் செலவு செய்ய மனம் வராத அரசு அவர்களைத் தோற்கடித்தது. இந்தத் தீர்ப்பை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான், இருக்கிற எஞ்சினிலேயே கூடுதல் உந்து விசை பெற முடியுமா என்று சோதித்தார்கள். 1970 ஜனவரி 10. பெங்களூரில் அந்தச் சோதனை விமானம் விழுந்தது. ஓட்டியவர் அதே சுரஞ்சன் தாஸ். முதன்முதலில் மாருத்தை மேலே கொண்டுபோன மனிதரை மாருத்தே கொண்டுபோனது. பெங்களூரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அடுத்த முறை அந்த வழியாகப் போகிறவர்கள், அது யார் பெயர் என்று உடன் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு போர். மாருத் விமானங்கள் ராஜஸ்தான் பாலைவனத்தில் உத்தர்லாய், ஜோத்பூர் தளங்களிலிருந்து கிளம்பின. இரண்டு வாரத்தில் 200-க்கும் மேற்பட்ட தாக்குதல் பறப்புகள். டிசம்பர் 7 அன்று 220-ஆம் ஸ்குவாட்ரனின் ஸ்குவாட்ரன் லீடர் கே.கே. பக்‌ஷி எதிரியின் சேபர் போர் விமானம் ஒன்றை வீழ்த்தினார். தரையிலிருந்து வந்த குண்டுகளுக்கு மாருத்துகள் சில பலியாயின. தரையில் இருந்தபோது அழிந்ததும் உண்டு. வான் சண்டையில் ஒன்றுகூட விழவில்லை. ஓர் எஞ்சின் அடிபட்டும் மற்றொன்றின் பலத்தில் வீடு திரும்பிய விமானம் உண்டு. விமானிகளுக்கு வீர் சக்ரா கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான்.

அந்த 200 பறப்புகளுக்கும் பின்னால் இருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு விமானம் திரும்பி வந்து நின்ற நொடியில் தரையில் இருக்கும் ஏர்மேன்களின் போர் தொடங்குகிறது. எரிபொருள் நிரப்ப வேண்டும். நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்கும் குண்டு ஏற்ற வேண்டும். சுற்றிலும் மணல். எஞ்சின் வாயில் மணல் போனாலும் ஆபத்து, ஒரு ஸ்பேனரை மறந்து உள்ளே விட்டாலும் ஆபத்து. குண்டு துளைத்த தகட்டை அடைக்க வேண்டும், ஹைட்ராலிக் குழாய் கசிகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். மாருத் பகலில் பறக்கும் விமானம். ஆகவே பெரிய பழுதுகளுக்கு மிஞ்சுவது டிசம்பர் மாதப் பாலைவன இரவு. விளக்கை மறைத்துக்கொண்டு, விறைத்த விரலோடு வேலை. எல்லாம் முடிந்ததும் எஃப் 700 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பழுது பார்த்த ஃபிட்டர் போட்ட கையெழுத்தைப் பார்த்து, அதன்கீழ்த் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் விமானி ஏணியில் ஏறுகிறார். முகம் பார்க்காத ஒரு ஃபிட்டரின் கையெழுத்தை நம்பி உயிரை வைக்கிறார்.

உங்கள் ஊர்த் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களை எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்துக்கு அருகிலேயே குனிந்து ஓடி முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கை ஒரு கணம் பிசகினால் தேர் என்ன ஆகும்? அந்தக் கைகளைத்தான் சொல்கிறேன்.

இந்தக் கதையில் தமிழ்நாடு எங்கே என்று கேட்பீர்கள். திண்டிவனத்தில் ரயில் ஏறினால் சென்னைக்கு முன்னால் தாம்பரம் வரும், அதைத் தாண்டிக் குரோம்பேட்டை வரும். குரோம்பேட்டை எம்.ஐ.டி., சி. ராஜம் என்ற மனிதர் தம் வீட்டை விற்றுத் தொடங்கிய கல்லூரி. 1949-ல். அங்கே விமானப் பொறியியல் படித்த ராமேசுவரத்துப் பையன், பின்னாளில் தன் வரலாற்றை எழுதியபோது, குர்ட் டாங்கைத் தம் கல்லூரிப் பேராசிரியர்களில் ஒருவராகவே குறிப்பிடுகிறார். அவர் அப்துல் கலாம். படிப்பு முடித்து எச்.ஏ.எல். போன அவருக்குக் கிடைத்த பயிற்சி என்ன தெரியுமா? எஞ்சினைப் பிரித்து, தேய்மானம் பார்த்து, மறுபடி பூட்டும் வேலை. போர் விமானி ஆக டேராடூனில் தேர்வுக்குப் போனார். எட்டு இடங்கள், அவர் ஒன்பதாவது. முன்னால் சொன்ன தாம்பரத்தில்தான் விமானப்படையின் மெக்கானிக்கல் பயிற்சி நிலையம் இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் ஃபிட்டராகும் இடம்.

இப்போது அகிம்சைக்கு வருகிறேன். துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம் என்று இரண்டு அளவு வைத்தது சமணம். நாடு என்பது இல்லறத்தார் கூட்டம். காவல் இல்லாமல் அதனால் இருக்க முடியவில்லை. கொன்றதை நான் கொண்டாட வரவில்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு தாய் அழுகிறாள். ஆனால் மேலே போன பிள்ளை உயிரோடு இறங்க வேண்டும் என்பதற்காக இரவெல்லாம் விழித்திருந்த ஃபிட்டரின் கவனத்தில் உயிர்மேல் உள்ள பரிவை நான் காண்கிறேன். சச்சந்தனின் கம்மியன் செய்த வேலையும் அதுவே.

மொத்தம் 147 மாருத் விமானங்கள் கட்டினார்கள். 1990 வாக்கில் படையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். நாமே வடிவமைத்த அடுத்த போர் விமானம் தேஜஸ் 2001-ல்தான் பறந்தது. 2018-ல் அதன் முதல் ஸ்குவாட்ரன் நம் சூலூருக்கு வந்தது. அதற்கென்று உருவாக்கிய காவேரி எஞ்சின் வேண்டிய பலத்தை எட்டாமல், அமெரிக்க எஞ்சினோடுதான் தேஜஸ் பறக்கிறது. உடல் நமது, எஞ்சின் அயலாருடையது என்ற மாருத்தின் துயரம் இன்னும் தீரவில்லை.

மாணவச் செல்வங்களே, அறிவியல் படிக்கிறவர்கள் எஞ்சின் பக்கம் வாருங்கள். உலோகம், வெப்பம், காற்று இந்த மூன்றையும் ஆழமாகப் படியுங்கள். நாட்டுக்கு அந்த இடத்தில்தான் ஆள் தேவை.

பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் விமானப்படையில் ஏர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் உங்கள் உறவிலோ தெருவிலோ இருக்கலாம். 1971-ல் இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களைப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். எந்தத் தளத்தில் இருந்தார்கள், என்ன விமானம், எந்த எஞ்சின், இரவில் என்ன செய்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பெயரோடு எழுதட்டும். இந்த ஆண்டே தொடங்குங்கள், காத்திருக்க நேரமில்லை.