மூடியைத் திறந்து பார்ப்பதும் உரிமைதான்

(மாரியூரில் இளைஞர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டர் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். நடுவில் அரசியல் வந்துவிடுமோ என்று ஒரு தம்பி தயங்கிக்கொண்டே கேட்டார். கண்டிப்பாக வரும்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தது 2011-12இல். அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் செட் நாங்கள். என் ஆய்வேட்டின் பாதியை அந்த மெஷினில்தான் அடித்தேன். பேட்டரி செத்து வருடக்கணக்காகிறது, கரண்ட் போனால் கூடவே அதுவும் போகும். 2 ஜிபி ராமை 4 ஆக்கினேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். இன்றைய விண்டோஸ் அதில் ஏறாது, டெபியன் லினக்ஸ் அலுங்காமல் ஓடுகிறது.

நம் கடற்கரையில் மெஷின் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. உப்புக்காற்றோடு மல்லுக்கட்டுவது. வாலிநோக்கம் வரை உப்பளம் விரிந்து கிடக்கிற மண்ணில் இரும்பு கேட்டே நிலைப்பதில்லை, மெஷினுக்குள் இருக்கும் மெல்லிய தகடு எம்மாத்திரம்? சுவிட்ச் போட்டால் லைட் எரியும், ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். 'போர்டு போச்சு' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். நம்பிவிடாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, ராமை வெளியே எடுங்கள். அதன் ஓரத்தில் இருக்கும் தங்கநிறப் பட்டையைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். பலமுறை அதிலேயே உயிர் வந்துவிடும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சாயல்குடியில் செல்போன் சர்வீஸ் பார்க்கும் ஓர் அண்ணன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. செத்த போர்டில் எந்த இடத்தில் கரண்ட் நிற்கிறது என்று மீட்டர் முள்ளை வைத்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். அவரை நாம் மெக்கானிக் என்கிறோம். அதே காரியத்தை ஐஐடி ஆய்வகத்தில் ஒருவர் செய்தால் கண்டுபிடிப்பாளர் ஆகிவிடுகிறார். கை வேலை கீழே, மூளை வேலை மேலே என்ற இந்த அடுக்கு கம்ப்யூட்டரோடு வந்ததில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். ஸ்க்ரூடிரைவர் பிடித்த கைக்கும் அது பொருந்தும்.

எங்கள் மடிக்கணினியில் விண்டோஸோடு 'பாஸ்' என்றொரு லினக்ஸும் இருந்தது. ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. எங்கள் செட்டில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகவில்லை, சிலர் படம் வைக்க இடம் வேண்டுமென்று அதை அழித்தும் விட்டார்கள். அது எதற்கு இருக்கிறது என்று சொல்லித்தர யாருமில்லை. மெஷினைக் கொடுத்த அரசு, அதைத் திறந்து பார்க்கிற பாடத்தைக் கொடுக்கவில்லை.

அதற்கும் முன்பே தமிழ்நாட்டு அரசு அலுவலகத்துக்குள் லினக்ஸைக் கொண்டுவந்தவர் சி. உமாசங்கர். 1990ஆம் ஆண்டு பேட்ச் ஐஏஎஸ், தலித் அதிகாரி. திருவாரூர் ஆட்சியராக மாவட்ட நிர்வாகத்தைக் கணினிமயமாக்கியவர். எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றினார். 2010 ஜூலையில் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். பொய்யான சாதிச் சான்றிதழ் கொடுத்து வேலைக்கு வந்தார் என்பது குற்றச்சாட்டு. முறைகேடுகளை வெளியே சொன்னதற்கான பழிவாங்கல் இது என்பது அவர் தரப்பு. எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த மாதமே உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். பிற்காலத்தில் மதப் பிரச்சாரத்துக்காக அவர் செய்தியில் அடிபட்டது வேறு கதை, அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இதை யோசியுங்கள். அரசாங்கத்தின் கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே இருப்பதையே மாற்றிக் காட்டிய மனிதரிடம், இருபது வருடம் வேலை பார்த்த பிறகு, அவர்கள் திறந்து பார்க்க விரும்பியது சாதிச் சான்றிதழை.

இப்போது நம் அம்மாக்களிடம் வருவோம். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் என்எம்எம்எஸ் என்ற செயலியில்தான் வருகைப் பதிவு. பணித்தளப் பொறுப்பாளர் காலையிலும் பிற்பகலிலும் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். டவர் இல்லை, சர்வர் இல்லை என்றால் மண் வெட்டியவருக்குக் கூலி இல்லை. நாடு முழுக்கத் தொழிலாளர்கள் சொல்லும் புகார் இது. மோசடியைத் தடுக்கத்தான் என்றார்கள். சம்பந்தமில்லாத படங்கள், போட்டோவைப் பார்த்து எடுத்த போட்டோக்கள் எல்லாம் ஏறுகின்றன என்று ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலையில் சுற்றறிக்கை அனுப்பியது. மோசடியும் நிற்கவில்லை, கூலியும் போகிறது. அந்த டிசம்பரில் சட்டத்தையே மாற்றினார்கள். காந்தி பெயரை எடுத்தார்கள், 125 நாள் என்றார்கள், செலவில் நூற்றுக்கு 40ஐ நம்மைப் போன்ற மாநிலங்களின் தலையில் வைத்தார்கள். பயோமெட்ரிக்கும் ஏஐயும் அந்தப் புதுச் சட்டத்திலேயே ஏறிவிட்டன.

என் பழைய மடிக்கணினி கறுப்புத் திரை காட்டினால் நான் கழற்றிப் பார்க்கலாம். என் அம்மாவின் கூலியைத் தீர்மானிக்கிற செயலி கறுப்புத் திரை காட்டினால் யார் கழற்றுவது? அதன் சோர்ஸ் கோடு நமக்குத் தெரியாது. படம் ஏறாதபோது உள்ளே என்ன நடக்கிறது, யாருடைய பெயர் எந்த விதியால் விழுகிறது, எதுவும் தெரியாது. தெரியக் கூடாது என்று சட்டம் ஏதும் இருக்கிறதா என்றால், இருப்பது நேர்மாறானது. அரசுச் செயலிகளின் சோர்ஸ் கோடை வெளியிட்டு எல்லோரும் சேர்ந்து மேம்படுத்தலாம் என்ற கொள்கையை ஒன்றிய அரசே 2015இல் அறிவித்தது. கொரோனா காலத்தில் ஆரோக்கிய சேதுவின் ஆண்ட்ராய்டு கோடை 2020 மே மாதம் வெளியிட்டும் காட்டியது. நடுத்தர வர்க்கத்தின் போனில் இருந்த செயலிக்குக் கேள்வி எழுந்தது, திறந்தார்கள். மண்வெட்டி பிடித்தவர்களின் செயலிக்கு அந்தக் கேள்வி போதுமான சத்தத்தோடு எழவில்லை.

2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். உங்களில் சிலர் கைக்கும் வரும். வாங்குங்கள், விற்றுவிடாதீர்கள். கூடவே இதைக் கேளுங்கள்: ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு பழுதுநீக்கும் மையம் வேண்டும், அதில் சாயல்குடி அண்ணனைப் போன்றவர்கள் சம்பளத்தோடு பயிற்றுநராக இருக்க வேண்டும். அதற்கு டிகிரி கேட்கக் கூடாது.

இன்னொரு வேலையை இன்று மாலையே தொடங்கலாம். அந்தச் செயலியின் சோர்ஸ் கோடை 2015 கொள்கைப்படி ஏன் வெளியிடவில்லை என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். மறுக்கலாம், அப்போது மேல்முறையீடு இருக்கிறது. ஆளுக்கொன்றாக அனுப்புவோம். நகல் அந்த மேஜையில் இருக்கிறது. பக்கத்தில் நான்கு பழைய மடிக்கணினிகளும் ஒரு டப்பா ஸ்க்ரூடிரைவரும் இருக்கின்றன. ரப்பர் வைத்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள்.