ஒற்றை உறுப்பினர்: அந்தமான் நிக்கோபார் தீவுகளும் மக்களவையும்

   

நான் எதைப் பேசப்போகிறேன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நம் துறையின் கருத்தரங்குகளில் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு இது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் வினாக்களைத் தொகுதி வினா, தேசிய வினா, பன்னாட்டு வினா என்று பிரித்து எண்ணி, அதை வைத்து உறுப்பினரை எடைபோடும் முறை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. எந்த அமைச்சகத்துக்குப் போன வினா என்பதே அளவுகோல். வெளியுறவு அமைச்சகம் என்றால் பன்னாட்டு வினா. கப்பல், உணவு, சுகாதாரம் என்றால் தொகுதி வினா. இந்தக் கணக்கில் அந்தமான் நிக்கோபார் உறுப்பினர்கள் எப்போதும் அடியில் நிற்கிறார்கள். தீவுக் கப்பல், படகுத்துறை, விமானக் கட்டணம், ரேஷன் அரிசி என்றே அவர்கள் பேசுகிறார்கள் என்றும், நகராட்சி உறுப்பினர் செய்ய வேண்டியதை டெல்லிக்குப் போய்ச் செய்கிறார்கள் என்றும் நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த முடிவு தவறு. அந்தத் தீவுகளில் உள்ளூர்ப் பிரச்சினையையும் உலகப் பிரச்சினையையும் பிரித்தெடுக்க முடியாது என்பதே என் வாதம்.

தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை. மாநிலங்களவையில் இடம் இல்லை. அரசியலமைப்பின் 240ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் ஒழுங்குமுறைகள் அங்கே சட்டமாகின்றன. மக்களவையில் உள்ள ஓர் இடத்துக்கும் 1967 வரை நியமனம்தான். முதல் மக்களவைக்குக் கார் நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் நியமிக்கப்பட்டார். 1967இல்தான் தீவு மக்கள் முதன்முறையாக மக்களவைக்கு வாக்களித்தார்கள். ஆகவே 2011 கணக்கெடுப்பின்படி 3,80,581 பேருக்கு, சட்டம் இயற்றும் அவை எதிலும் வாய் திறக்க ஒரே ஒருவர் இருக்கிறார். இதை நண்பர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். "பாவம், சட்டமன்றம் இல்லாததால் உள்ளூர் விஷயங்களையும் அவரே பேச வேண்டியிருக்கிறது" என்று இரக்கப்பட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இரக்கம் எனக்குப் போதாது.

கச்சால்

நடு நிக்கோபாரில் உள்ள தீவு கச்சால். அங்கே ரப்பர்த் தோட்டம் போடப்பட்டது. எழுபதுகளில் அதில் வேலை செய்ய இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டன. அவர்கள் ஏன் வந்தார்கள்? 1964 அக்டோபர் 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் வந்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று மலையகத் தமிழரை இரு பிரதமர்கள் பங்கிட்டார்கள். அந்த மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். சிலர் கேரளத்தில் புனலூர்ப் பக்கமும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கமும் ரப்பர்க் காடுகளுக்குப் போனார்கள். கூடலூரில் குடியேறிய குடும்பத்துக்குக் குறை இருந்தால் போய் நிற்க ஒரு சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசல் உண்டு, கோட்டையில் ஓர் அமைச்சர் உண்டு. கச்சாலுக்குப் போனவர்களுக்கு அந்த ஒற்றை மக்களவை உறுப்பினரை விட்டால் வேறு வாசல் இல்லை.

அவர்களுடைய ஒரு நாள் வேலையைப் பாருங்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போக வேண்டும். முந்தைய வெட்டில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்துவிட்டு, பட்டையைச் சரிவாக, மரத்தின் உயிர்ப்பகுதியில் கத்தி படாமல் சீவ வேண்டும். சிரட்டையில் பால் சொட்டும். வெயில் ஏறுமுன் அதைச் சேர்த்தெடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகைக்கூடத்தில் தொங்கவிட வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. நிக்கோபாரிலோ இரண்டு பருவமழையும் பெய்யும். உலர்ந்த ஷீட் கப்பலேறினால்தான் காசு. கப்பல் தாமதித்தால் ஷீட்டும் காத்துக்கிடக்கும், கடைக்கு வரவேண்டிய அரிசியும் காத்துக்கிடக்கும். ஷீட்டின் விலையை நிர்ணயிப்பதோ கோட்டயத்துச் சந்தையும் பாங்காக் சந்தையும்.

இப்போது உறுப்பினர் எழுந்து, கச்சாலுக்கு மாதம் எத்தனை கப்பல் என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் அட்டவணையில் அது தொகுதி வினா. தொழிலாளிக்குக் குடியிருக்க நிலம் உண்டா என்று கேட்டாலும் அதே பத்திதான். ஆனால் அந்த நிலக் கேள்விக்குள் என்னென்ன இருக்கின்றன! 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, ஒதுக்கப்பட்ட பகுதிகளில் பழங்குடியினர் அல்லாதார் நிர்வாகத்தின் ஒப்புதலின்றி நிலத்தில் உரிமை பெற முடியாது. அந்த ஒழுங்குமுறை நியாயமானது. அது இல்லாவிட்டால் நிக்கோபாரியர் தங்கள் தென்னந்தோப்புகளை என்றோ இழந்திருப்பார்கள். தலைமுறைகளாக இலங்கையில் உழைத்து, இரு அரசுகளின் கையெழுத்தால் பெயர்க்கப்பட்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு வந்த தமிழ்த் தொழிலாளியின் கோரிக்கையும் நியாயமானது. இரண்டு நியாயங்களையும் ஒரே தீவில் மோதவிட்டது ஒரு பன்னாட்டு ஒப்பந்தம். அந்தக் கேள்வியை வார்டுப் பிரச்சினை என்று எழுதுவது எனக்கு அறிவுக் குற்றமாகவே படுகிறது.

அமைச்சகத்தை வைத்து எண்ணுவதன் கோளாறும் இங்கேதான் வெளிப்படுகிறது. கச்சால் தொழிலாளியின் வாழ்க்கை உள்துறைக்கு யூனியன் பிரதேசம், வணிக அமைச்சகத்துக்கு ரப்பர் வாரியம், சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குத் தோட்டத்தை நடத்திவந்த வனத் தோட்ட வளர்ச்சிக் கழகம், கப்பல் அமைச்சகத்துக்குப் பயண அட்டவணை, வெளியுறவுக்கு ஒப்பந்தம். குறைந்தது ஐந்து இடம். மக்களவை விதியோ ஒரு வினா 150 சொல்லுக்குள், பதில் சொல்லும் அமைச்சரின் பொறுப்புக்குள் அடங்க வேண்டும் என்கிறது. உறுப்பினர் வேறு வழியின்றி வாழ்க்கையைத் துண்டாக்கிக் கேட்கிறார். அந்தத் துண்டுகளை எண்ணி, இவருக்கு உலகப் பார்வை இல்லை என்று நாம் தீர்ப்பெழுதுகிறோம்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலையில் கடும் உயிரிழப்பைச் சந்தித்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தது. கச்சாலின் கரையோரம் தாழ்ந்து கடலுக்குள் போனது. அப்போது உறுப்பினராக இருந்தவர், எட்டு முறை வென்ற மனோரஞ்சன் பக்தா. அந்த நிவாரணக் கேள்விகளை எந்தப் பத்தியில் எழுதுவது? பின்னர் 2017இல் வனத் தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. 1964இல் கொடுத்த வாக்குறுதியைச் சுமந்துகொண்டிருந்த நிறுவனங்களில் ஒன்று அதனுடன் போனது. நான் பார்த்த வரையில் நம் ஆய்வுகளில் ஒன்றும் 1964ஐயும் 2017ஐயும் சேர்த்துப் பேசவில்லை.

1974

தமிழ்நாட்டிலிருந்தே ஓர் ஒப்பீடு. கச்சத்தீவு ஒப்பந்தம் பற்றிய அரசின் அறிக்கை 1974 ஜூலையில் மக்களவைக்கு வந்தபோது, இராமநாதபுரம் உறுப்பினர் பி. கே. மூக்கையாத் தேவர் எழுந்து எதிர்த்தார். அதை எல்லோரும் பன்னாட்டு விவகாரம் என்றே எண்ணுகிறோம். அவருக்கு அது தன் தொகுதி மீனவரின் வலை காய்ந்த இடம். அடுத்த மாதமே நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் இடையிலான கடலடி எல்லை குறித்து இந்தியாவும் இந்தோனேசியாவும் ஒப்பந்தம் செய்தன. அப்போது தீவுகளின் உறுப்பினர் கே. ஆர். கணேஷ், மத்திய அரசில் இணையமைச்சர். அமைச்சர் வினா எழுப்ப முடியாது. ஆக, தங்கள் கடல் அளக்கப்பட்ட வேளையில் தீவு மக்களுக்குக் கேள்வி கேட்க அவையில் ஒருவரும் இல்லை. பதவி கிடைத்தது பெருமைதான். ஒற்றை உறுப்பினர் உள்ள நிலத்தில் அந்தப் பெருமைக்கு விலை அதிகம்.

கடல் அட்டை

மியான்மர்ப் படகுகள் அந்தமான் கடலில் கடல் அட்டை எடுக்க வருவதும் பிடிபடுவதும் அங்கே வழக்கமான செய்தி. அயல்நாட்டுப் படகுகளுக்கான சட்டம் 1981இலிருந்து இருக்கிறது. 2001இல் கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. உள்ளூர் மீனவர் தொடக்கூடாத உயிரை அயல் படகு கொண்டுபோகிறது என்பது மீன்வளக் கேள்வியா, எல்லைக் கேள்வியா? விரித்துப் பேச நேரமில்லை.

பெரிய நிக்கோபாரிலும் இதே சிக்கல்தான். அங்கே கலத்தியா விரிகுடாத் துறைமுகத் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் பாதை, ஷோம்பென் பழங்குடியினரின் காடு, ஆழிப்பேரலையில் ஊரிழந்த நிக்கோபாரியரின் திரும்பும் உரிமை மூன்றும் அதில் பின்னிக்கிடக்கின்றன. இதுவே தனிச் சொற்பொழிவுக்கு உரியது.

இனிச் செய்ய வேண்டியவை

சுருக்கமாகச் சொல்கிறேன். தீவுகள் பற்றிய வினாக்களை அமைச்சகத்தின் பெயரால் அல்லாமல் தீவின் பெயரால் அடுக்கி ஓர் அடைவு வேண்டும். 1952 முதல் 1967 வரை நியமன உறுப்பினர்கள் பேசியவற்றைத் தனியே தொகுக்க வேண்டும். இலட்சத்தீவுடன் ஒப்பிட வேண்டும். புதுச்சேரிக்கு மாநிலங்களவையில் ஓர் இடம் இருக்கும்போது இந்தத் தீவுகளுக்கு ஏன் இல்லை என்பதைச் சட்டத் துறை நண்பர்கள் ஆராயட்டும். கச்சாலில் பால் வெட்டிய முதல் தலைமுறையினருக்கு வயதாகிவிட்டது. மக்களவை விவாதங்கள் இணையத்தில் யாருக்கும் திறந்திருக்கின்றன. அந்த மனிதர்களின் நினைவு அப்படிக் காத்திருக்காது. இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களில் இருவராவது ஒலிப்பதிவுக் கருவியோடு கப்பலேறுங்கள். அதற்கான செலவை இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை ஏற்க வேண்டும் என்று அதன் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.