பூதத்தை அவிழ்த்துவிட்டவர் யார்?

(வந்தாறுமூலையில் நடைபெற்ற திரைப்பட மாலையில், படம் தொடங்குமுன் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



பழைய பூதப் படங்களைப் பற்றிப் பேச நாம் ஒப்புக்கொண்டோம் என்றதும் நண்பர்கள் சிலர் நகைத்தனர். காணி வழக்கும் கட்சிக் கூட்டமுமாக அலையும் ஒருவருக்குக் கிங்கொங்கோடு என்ன உறவு என்று கேட்டனர். உறவு உண்டு. நீதிமன்றத்திலே நாம் நாள்தோறும் கேட்பது ஒரே கேள்விதான்: நட்டம் நேர்ந்தது மெய், அதற்குப் பொறுப்பாளி யார்? நல்ல பூதப் படமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. அப்படத்தை மீண்டும் எடுக்கும்போது முதலில் மாறிவிடுவதும் அந்தக் கேள்விக்குரிய விடையே.

பழங்கதையைத் திருப்பிச் சொல்வது குற்றம் என்று கூற நாம் வரவில்லை. அவ்வாறு கூறினால் இம்மண்ணிலே நமக்கு நிற்க இடமிராது. வைகாசி பிறந்ததும் வாவியின் இரு கரையிலும் கண்ணகை அம்மன் கோயில்களிலே கதவு திறந்து, சடங்கு நடந்து, கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. இளங்கோவடிகள் பாடிய கதைதான். ஆயினும் அப்படியே அன்று. அங்கே மாநாய்கன் பெற்ற மகளாக வருபவள் நம்மவர் பாடலிலே மாங்கனியிலிருந்து தோன்றுகிறாள். கூட்டியும் குறைத்தும் பாடிய நம் முன்னோர் ஒன்றை மட்டும் கைவிட்டாரில்லை. ஒரு பெண் அரசன் அவையிலே போய் நின்று, சிலம்பை உடைத்துச் சான்று காட்டி, நீ செய்தது பிழை என்று கூறும் இடம் அது. அதைக் கைவிடாமை மட்டுமன்று, நூலுக்கே வழக்குரை என்று பெயர் வைத்தார்கள்! மறுபடியும் சொல்வதற்கு இதைவிட நல்ல இலக்கணம் நமக்குத் தெரியாது.

இங்கிலாந்திலே ரைலண்ட்ஸ் என்பவர் தமது ஆலைக்கு நீர் வேண்டி ஒரு குளம் கட்டினார். குளத்து நீர் பழைய சுரங்கக் குழிகளின் வழியே இறங்கிப் பக்கத்துக் காணியில் பிளெச்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. 1868 ஆம் ஆண்டிலே பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு இது. தப்பினால் தீங்கு செய்யக்கூடிய ஒன்றைத் தன் நிலத்துக்குக் கொண்டுவந்தவன், அது தப்பியபின் நாம் கவனமாகத்தானே இருந்தோம் என்று கையை விரிக்கவியலாது என்பது அதன் சாரம். நம் நாட்டு உரோமன் டச்சுச் சட்டம் வேறு வழியால் நடப்பது, அது நிற்க. குளக்கட்டு உடைந்தால் என்னாகும் என்று நம் உழவர்க்கு எந்தப் பிரபுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வழக்கை மனத்திற்கொண்டு 1933 ஆம் ஆண்டுக் கிங்கொங்கைப் பாருங்கள். அக்குரங்கு வாழும் தீவு சுமத்திராவுக்கு மேற்கே வெகுதொலைவில் உள்ளது என்று படத்திலே கூறுகின்றனர். சுமத்திராவுக்கு மேற்கே கப்பலை விட்டுக்கொண்டே போனால் எங்கு போய்ச் சேரும்? நம் கரைக்குத்தான்! அது இருக்கட்டும். தன் தீவிலே கிடந்த மிருகத்தை டென்ஹாம் என்ற படமுதலாளி புகைக்குண்டு வீசி மயக்கி, நியூயோர்க்குக்கு ஏற்றிச் சென்று, சங்கிலியிட்டு, நுழைவுச்சீட்டு விற்று மேடையில் நிறுத்துகிறார். அது அறுத்துக்கொண்டு ஓடுகிறது, மக்கள் மடிகின்றனர், ஈற்றில் விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்துகின்றன. பிணத்தருகே வந்து நிற்கும் டென்ஹாம், இதைக் கொன்றது விமானங்களல்ல, ஒரு பெண்ணின் அழகே என்று கூறுகிறார். குற்றவாளிக் கூண்டிலே நிற்க வேண்டியவர் தீர்ப்பு வாசிக்கிறார், அரங்கிலே கைதட்டல்! 1976 ஆம் ஆண்டு இப்படத்தை மீண்டும் எடுத்தவர்கள் படமுதலாளியை நீக்கிவிட்டு எண்ணெய்க் கம்பனியின் ஆளை வைத்தனர். எண்ணெய் விலை உலகை உலுக்கிய காலம் அது. படம் சுமார்தான், ஆனால் பொறுப்பாளி யார் என்று தம் காலத்தைப் பார்த்து ஒருமுறை கேட்டனர். 2005 இலே பீற்றர் ஜக்சன் மூன்று மணிநேரத்துக்கு மேல் ஓடும் படம் எடுத்தார். குரங்கு உயிருள்ளதுபோல் இருந்தது. கதையோ மீண்டும் 1933 க்கே போய், அதே தீர்ப்பை அதே வாயால் வாசித்தது.

இன்று நாம் பார்க்கப்போகும் படத்துக்கு வருவோம். 1954 மார்ச் 1 ஆம் நாள் பசுபிக் கடலிலே பிக்கினித் தீவில் அமெரிக்கா ஓர் ஐதரசன் குண்டை வெடித்துச் சோதித்தது. அதன் வலிமை 15 மெகாதொன். ஹிரோசிமாவில் வீழ்ந்ததைப்போல் ஏறத்தாழ 1,000 மடங்கு. சூரை மீனுக்குச் சென்றிருந்த புக்குரியு மாரு என்ற யப்பானியப் படகு தடைசெய்த எல்லைக்கு வெளியேதான் நின்றது. ஆயினும் அதிலிருந்த 23 மீனவர் மீது வெண்சாம்பல் பொழிந்தது. கரை திரும்பியபோது தோல் கன்றி, மயிர் உதிரத் தொடங்கியிருந்தது. படகின் வானொலி இயக்குநர் குபோயாமா அவ்வாண்டு செப்டெம்பர் 23 ஆம் நாள் இறந்தார். நவெம்பர் 3 ஆம் நாள், இஷிரோ ஹொண்டா இயக்கிய கொட்சில்லா யப்பானிலே திரைக்கு வந்தது. முதற்காட்சி என்ன? கடலிலே ஒரு கப்பல், பேரொளி ஒன்று மின்னுகிறது, கப்பல் அழிகிறது. பார்த்துக்கொண்டிருந்த யப்பானியருக்கு எவரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குண்டுச் சோதனைகளால் கடலடியிலிருந்து எழுப்பப்பட்ட பூதம் தோக்கியோ நகரை எரிக்கிறது. முடிவிலே பூதம் மாண்டபின்னும் முதிய விஞ்ஞானி மகிழவில்லை. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொன்று எழும் என்று அஞ்சுகிறார்.

இரண்டாண்டுக்குப்பின், 1956 இலே, இப்படம் அமெரிக்காவுக்குப் போயிற்று. போனபடியே காட்டப்பட்டதா? இல்லை. ரேமண்ட் பேர் என்ற நடிகரை அமெரிக்கப் பத்திரிகையாளராக்கிப் புதுக்காட்சிகளைச் செருகினர். செருகியதோடு வெட்டவும் செய்தனர். 96 நிமிடப் படம் 80 நிமிடமாயிற்று. வெட்டுண்டவற்றுள் இரண்டைச் சொல்வோம். புகைவண்டியிலே செல்லும் ஒரு பெண், நாகசாகியிலிருந்து தப்பிவந்த தனக்கு இப்பொழுது இதுவுமா என்று சலித்துக்கொள்கிறாள். அவள் போய்விட்டாள். பாராளுமன்றத்திலே, உண்மையை வெளியிட்டால் பிறநாட்டு உறவு கெடும், மறைத்துவிடுவோம் என்று ஒரு கனவான் வாதிட, பெண்கள் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கின்றனர். அவர்களும் போய்விட்டனர். முதியவரின் அச்சமும் போயிற்று; ஆபத்து நீங்கியது, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்று பத்திரிகையாளர் படத்தை முடித்துவைக்கிறார். ஐதரசன் குண்டு என்ற சொல் அப்பதிப்பிலே முற்றாக ஒழியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆனால் வழக்கறிந்தவர்க்குத் தெரியும்: ஒரு வாக்குமூலத்தைக் கெடுக்க முழுவதையும் கிழிக்க வேண்டியதில்லை, மூன்று வரி போதும். பூதத்தின் ஒரு செதில்கூடக் குறையவில்லை. குறைந்தது சாட்சி.

அதன்பின் நடந்தது இன்னும் வேடிக்கை. 1998 ஆம் ஆண்டு ஹொலிவூட் தானே கொட்சில்லா எடுத்தது. அதிலே பூதத்தைப் பிறப்பித்தது பிரான்ஸ் நாட்டின் அணுச் சோதனை! எதிரி மாற்றப்பட்டான். 2014 இலே மீண்டும் எடுத்தனர். அதிலே 1954 இல் நடந்தது சோதனையே அன்றாம். பூதம் முன்னமே இருந்ததாம். அதைக் கொல்வதற்காகவே குண்டு போடப்பட்டதாம். அறுபதாண்டுக்குள் குற்றஞ்சாட்டப்பட்டவர் காவலாளியாகிவிட்டார். நாற்பதைக் கடந்த நம் தொழில் வாழ்விலே இத்துணைச் சாதுரியமான எதிர்வாதத்தை நாம் கண்டதில்லை. யப்பானியரோ 2011 ஆம் ஆண்டுப் புக்குசிமா அணு உலை விபத்துக்குப்பின், 2016 இலே தம் பூதத்தை மீண்டும் எழுப்பினர். அதிலே பாதிப்படம் அமைச்சர்களும் அதிகாரிகளும் கூட்டம் கூடுவதும், எந்தத் திணைக்களத்தின் பொறுப்பு என்று கோப்பைத் தள்ளுவதுமே. சிலர் சலிப்புற்றனர். கச்சேரிப் படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள் எவரும் சலிப்புறார்.

தமிழர் இத்துறைக்குப் புதியவரென்று எண்ணவேண்டாம். சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்து 1952 இலே ‘காடு’ என்ற படத்தைத் தந்தார். ஆங்கிலத்திலும் அது ‘த ஜங்கிள்’ என வெளிவந்தது. காட்டு விலங்குகள் ஊர்களைத் தாக்குகின்றன. காரணம் தேடிப் புறப்பட்ட கூட்டம் உலகிலிருந்து அற்றுப்போன மயிரடர்ந்த பெருயானைகளைக் காண்கிறது. நம் யானைகளுக்கே மயிர்ப்போர்வை போர்த்தி நடிக்கவைத்தனர். பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் ஊருக்குள் யானை ஏன் வருகிறது என்று காட்டுக்குள் போய்க் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதிலே இருந்தது.

இப்பொழுது நம் செய்தித்தாளை எடுங்கள். ‘காட்டு யானை அட்டகாசம்’ என்ற தலைப்பு வாரந்தோறும் வருகிறது. அதுவும் ஒரு மறுபதிப்புத்தான். எழுவாய் யானை, வேறு எழுவாய் இல்லை. 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டிலே 400 க்கு மேற்பட்ட யானைகளும் 150 க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர். யானையின் பழைய வழித்தடத்தை அடைத்தவர் யார்? காட்டை வெட்டும்போது அனுமதிப்பத்திரத்தில் ஒப்பமிட்டவர் யார்? அம்பாறை மாவட்டத்துக் குப்பைமேட்டிலே பிளாஸ்ரிக் தின்று யானைகள் மடிந்த செய்தி 2022 இல் உலகெங்கும் அச்சாயிற்று. அக்குப்பையை அங்கே கொட்டியவர் யார்? நெல்லை இழந்தவனும் தகப்பனை இழந்தவனும் யானையோடு வழக்காடவியலாது. பொறுப்பாளியின் பெயரைச் செய்தியிலிருந்து எடுத்துவிட்டால், உழவனுக்கு எஞ்சுவது யானை வெடி ஒன்றுதான்.

2018 இலே வந்த ‘2.0’ படத்தையும் பிள்ளைகள் பார்த்திருப்பர். பறவைகள் அழிகின்றனவே என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய முதியவர் இறந்தபின் பூதமாகிறார். தொலைபேசிக் கோபுரத்தால் பறவை சாகிறது என்பதற்கு அறிவியற் சான்று போதாது என்பது வேறு. மனுக் கொடுத்தவரே பூதம், அவரை அடக்குபவரே வீரர் என்று கதை முடிவதுதான் நமக்கு உறுத்துகிறது.

இவ்வூரிலே நின்று இத்தனையும் பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாது விடுவது நேர்மையன்று. 1990 ஆம் ஆண்டு இங்குள்ள பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாக இருந்தது. செப்டெம்பர் 5 ஆம் நாள் அங்கிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. அவர்களைப் படக்கதையோடு ஒப்பிடுவதாக எவரும் நினைக்கலாகாது. நாம் சுட்டுவது ஒரு சொல்லை. ‘காணாமற் போனார்கள்’ என்று நாமும் எழுதிப் பழகிவிட்டோம். மாடு காணாமற் போகும். குடை காணாமற் போகும். அச்சொற்றொடரிலே செய்தவன் இல்லை, போனவரே போயினர். 2016 ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவியது ‘காணாமற்போன ஆட்கள்’ பற்றிய அலுவலகத்தை. 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமோ வலிந்து காணாமலாக்கப்படுதல் என்று பேசுகிறது. ஆக்கியவன் ஒருவன் உண்டு என்பதை அவ்வினைச்சொல் ஒப்புக்கொள்கிறது. பெயரைத்தான் இன்னும் கூறவில்லை. இங்குள்ள தாய்மார் இச்சட்டங்கள் பிறக்குமுன்னரே சரியான வினையைச் சொல்லிவந்தனர்: கொண்டுபோனார்கள் என்றே சொன்னார்கள். நம் கட்சிக்காரர் அறிக்கைகளிலும் ஆசிரியர்கள் நூல்களிலும் அந்தத் தாய்மாரின் வினைச்சொல்லையே எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வெகுநேரம் எடுத்துக்கொண்டோம், இயந்திரக்காரர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்று காட்டப்படுவது 1954 ஆம் ஆண்டின் யப்பானியப் படம். அடியிலே ஆங்கில எழுத்து ஓடும். பிள்ளைகள் பெரியோர்க்கு வாசித்துச் சொல்லுக. புகைவண்டிப் பெண் சில வினாடிதான் வருவாள். அப்பொழுது மாத்திரம் சற்றுப் பேசாதிருங்கள். பரணுக்குக் காவல் போகவேண்டியவர்கள் நடுவிலே எழுந்து செல்லலாம், எவரும் குறைநினையார்.