ஐரோப்பிய மோட்டார்களும் அவற்றுக்குரிய எண்ணெயும்

மோட்டார் வைத்திருப்போர் பெட்ரோலைப் பற்றி நாள்தோறும் நினைக்கின்றனர். எஞ்சினுக்குள் ஊற்றப்படும் மசகு எண்ணெயைப் பற்றியோ ஆண்டுக்கு ஒருமுறைதான் நினைக்கின்றனர். பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். மீண்டும் ஊற்றினால் ஓடத் தொடங்கும். எண்ணெய் தவறினால் அவ்வளவில் முடிவதில்லை. எஞ்சின் தேய்ந்து பாழாகிவிடும். அதனைச் செப்பனிடச் சில வேளைகளில் இலட்சக் கணக்கில் செலவிட நேரும். அதிலும், ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி, சுவீடன் முதலிய நாடுகளில் உருவாக்கப்பெற்ற கார்களுக்கு எண்ணெய் தேர்வதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடைக்குச் சென்று, உள்ளவற்றுள் மிகுந்த விலையுடையதைக் கேட்டு வாங்கி ஊற்றினாலும் அது தவறான எண்ணெயாக அமைந்துவிடக் கூடும். அஃது எவ்வாறு என்பதையும், தவறின்றித் தேர்வதற்குரிய வழி யாது என்பதையும் இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

எஞ்சினில் எண்ணெய் செய்யும் தொழில் ஒன்றன்று. உலோகம் உலோகத்தோடு உராயாதவாறு இடையில் ஒரு மெல்லிய படலமாக நிற்பது அதன் முதற்கடமை. பிஸ்டனின் வெப்பத்தைத் தான் ஏற்று வெளியே கொணர்வது இரண்டாவது. எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியையும் பிசினையும் கழுவித் தன்னுள் மிதக்கவைத்துக்கொள்வது மூன்றாவது. அப்போது தோன்றும் அமிலங்களைச் செயலற்றனவாக்குவது நான்காவது. இவற்றோடு, இக்காலத்துக் கார்களில் டர்போ சார்ஜர் என்னும் காற்றழுத்தி ஒன்றும் இருக்கின்றது. அதன் தண்டு நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேலும் சுழல வல்லது. செந்தணலாய்க் காயும் புகைவழிக்கு அருகில் இருந்துகொண்டு, அவ்வளவு விரைவாகச் சுழலும் அத்தண்டைத் தாங்கி நிற்பது எண்ணெய்ப் படலமே. படலம் கருகினால் தண்டு சிக்கிக்கொள்ளும்.

இத்தனை தொழிலையும் ஆற்றவல்ல எண்ணெய் இரு பகுதிகளால் ஆயது. ஒன்று அடிப்படை எண்ணெய். மற்றொன்று அதனுடன் சேர்க்கப்படும் துணைப்பொருள்கள். அடிப்படை எண்ணெயை அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் ஐந்து தொகுதிகளாகப் பிரித்துள்ளது. கச்சா எண்ணெயிலிருந்து எளிய முறையில் வடித்தெடுப்பது முதல் தொகுதி. ஹைடிரஜன் வாயுவைக் கொண்டு செம்மைப்படுத்தியவை இரண்டாவதும் மூன்றாவதும். இவ்விரண்டனுள் மூன்றாவதே மிகுதியாகத் தூய்மை செய்யப்பெற்றது. பாலி ஆல்ஃபா ஓலிஃபின் என்னும், வேதியியல் முறையில் கட்டியமைத்த எண்ணெய் நான்காவது. எஸ்டர் முதலிய எஞ்சியவை ஐந்தாவது.

செயற்கை எண்ணெய், அதாவது சிந்தெட்டிக் ஆயில், புதிதாக முளைத்ததொன்று அன்று. 1930-களிலும் இரண்டாம் உலகப் போரின் போதும் ஜெர்மனியில் ஹெர்மன் சோர்ன் என்னும் வேதியியலறிஞர் எஸ்டர் வகைச் சேர்மங்களை மசகு எண்ணெய்க்காக ஆராய்ந்தார். போருக்குப் பின் ஜெட் விமானங்களின் எஞ்சின்களுக்கு எஸ்டர் எண்ணெய்களே ஏற்றவையாயின. சாலையில் ஓடும் கார்களுக்குச் செயற்கை எண்ணெய்கள் 1970-களில் வந்து சேர்ந்தன. மொபில் 1 என்னும் எண்ணெய் 1974-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

ஆயின், டப்பாவின்மேல் “சிந்தெட்டிக்” என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்குதல் போதாது. அச்சொல்லின் பொருள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. 1999-இல் அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் ஆகிய இரு நிறுவனங்களுக்கிடையே எழுந்த விளம்பர வழக்கில், மூன்றாம் தொகுதி எண்ணெயையும் செயற்கை எண்ணெய் என்று கூறலாம் என அங்குள்ள தேசிய விளம்பரப் பிரிவு முடிவு செய்தது. அன்று முதல் உலகின் பெரும்பகுதியில் அச்சொல் இப்பொருளிலும் வழங்கலாயிற்று. ஜெர்மனியிலோ முழுச் செயற்கை எண்ணெய் என்னும் பெயரை நான்காம், ஐந்தாம் தொகுதிகளுக்கே உரியதாகக் கொள்வது வழக்கம். மூன்றாம் தொகுதிக்கு எச்.சி. சிந்தீஸ் என்று வேறு பெயரிடுவர். இதனால் மூன்றாம் தொகுதி எண்ணெய் இழிந்தது என்று கருதுதல் பிழை. நல்ல துணைப்பொருள்களோடு கூடியபோது அது மிகச் சிறந்த எண்ணெயாக விளங்குகின்றது. பெயரைக் கொண்டு தரத்தை அளக்க இயலாது என்பதே இங்குக் கருத்து.

இனி, டப்பாவில் காணும் எண்களுக்கு வருவோம். 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்றெல்லாம் எழுதியிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். இவை அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கமாகிய எஸ்.ஏ.இ. வகுத்த பாகுநிலை அளவுகள். முதலெண் கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுவது; எண் குறையக் குறைய எண்ணெய் குளிரில் இளகி நிற்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. பின்னெண், 100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அதன் தடிப்பைக் காட்டுவது. 30 என்பதைவிட 40 தடிப்பானது. பின்லாந்தில் பனிக்காலத்துக் காலைப்பொழுதில் காரைக் கிளப்புவோர்க்கு முதலெண் உயிர்நிலையானது. சென்னையில் இருப்பவர் பின்னெண்ணையே கூர்ந்து நோக்கவேண்டும்.

இந்த எண்களும் பாகுநிலையை மட்டுமே கூறும், தரத்தைக் கூறமாட்டா. ஒரே 5டபிள்யூ-30 என்னும் எண்ணைத் தாங்கிய இரண்டு டப்பாக்களுள் ஒன்று ஒரு ஜெர்மானியக் காருக்கு மிகப் பொருத்தமாகவும், மற்றொன்று அதற்குக் கேடு விளைப்பதாகவும் இருக்கலாம். காரணத்தைச் சற்று விளக்குகின்றேன்.

ஐரோப்பியர் தம் கார்களை நடத்தும் முறை வேறு. ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளில் பல பகுதிகளுக்குக் கட்டாயமான வேக வரம்பு இல்லை; 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை மட்டுமே. அங்கே மணிக்கணக்காக எஞ்சின் முழுவேகத்தில் உழைக்கக்கூடும். மேலும், எண்ணெய் மாற்றும் இடைவெளியை அவர்கள் மிக நீட்டியிருக்கின்றனர். ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் நீண்டகால முறையில் 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டாண்டு வரையிலும் ஒரே எண்ணெய் இருக்கலாம். இவற்றுக்கு ஈடுகொடுக்கும் எண்ணெய்க்கென ஐரோப்பியர் தனி அளவுகோல் வகுத்துக்கொண்டனர். ஐரோப்பிய மோட்டார் உற்பத்தியாளர் சங்கமாகிய ஏ.சி.இ.ஏ. 1996-இல் தன் முதல் தரவரிசையை வெளியிட்டது.

அத்தரவரிசையில் ஒரு சோதனை குறிப்பிடத்தக்கது. எண்ணெயை 150 டிகிரி வெப்பத்திற்கு ஏற்றி, தாங்கியினுள் நிகழ்வது போன்ற கடும் அறுப்புக்கு உட்படுத்தி, அந்நிலையில் அதன் பாகுநிலையை அளக்கின்றனர். இதனை எச்.டி.எச்.எஸ். அளவு என்பர். ஏ3/பி4, சி3 ஆகிய வகைகளுக்கு அது 3.5-க்குக் குறையலாகாது. எரிபொருள் சிக்கனத்தைக் கருதிய சி2 வகைக்கு 2.9 போதும், சி5 வகைக்கு 2.6-இலிருந்து 2.9 வரை. முன்னவை தடித்த படலம். பின்னவை மெல்லிய படலம். தடித்த படலத்தை எதிர்பார்த்துச் செய்த எஞ்சினில் மெல்லிய எண்ணெயை ஊற்றினால் தாங்கிகள் தேயும் அச்சமுண்டு.

அடுத்தது சாம்பல். இதுவே சிக்கலின் நடுவிடம். எண்ணெயின் துணைப்பொருள்களில் கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்மங்கள் இருக்கின்றன. எஞ்சினைக் கழுவுவதற்கும், அமிலத்தை மாற்றுவதற்கும், தேய்மானத்தைத் தடுப்பதற்கும் அவை இன்றியமையாதன. ஆனால், எவ்வளவு நல்ல எஞ்சினும் சிறிது எண்ணெயை எரித்தே தீரும். அவ்வாறு எரியும்போது அவ்வுலோகங்கள் சாம்பலாகிப் புகையோடு வெளியேறுகின்றன. இன்றைய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் உண்டு. வடிகட்டியில் சேரும் கரியை, ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் ஏற்றி, வண்டி தானே எரித்து நீக்கிக்கொள்கின்றது. சாம்பல் எரியாது. அது அங்கேயே தங்கி, நுண்துளைகளை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெயை எரிக்கும் எஞ்சின் 1,00,000 கிலோமீட்டரில் 10 லிட்டர், அதாவது எட்டரைக் கிலோ எண்ணெயை எரிக்கும். எண்ணெயில் சாம்பற்சத்து 1.5 விழுக்காடாயின் ஏறத்தாழ 127 கிராம் சாம்பல் உண்டாகலாம்; 0.8 விழுக்காடாயின் 68 கிராம்தான். சி3 வகையில் இவ்வளவு 0.8 விழுக்காட்டிற்கு மிகலாகாது. சி4 வகையில் 0.5-க்கு மிகலாகாது. ஏ3/பி4 வகையிலோ 1.6 வரை இடமுண்டு. ஆதலின், வடிகட்டியுள்ள டீசல் காருக்கு ஏ3/பி4 எண்ணெயை ஊற்றினால், அந்த எண்ணெய் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், எஞ்சினைக் காத்துக்கொண்டே வடிகட்டியை அடைத்துவிடும்.

அப்படியாயின் சாம்பல் குறைந்ததையே எல்லாக் கார்களுக்கும் ஊற்றிவிடலாமே என்று கேட்கலாம். அதற்கும் ஒரு தடையுண்டு. சாம்பலைக் குறைப்பதற்கு அமிலத்தை மாற்றும் பொருள்களையும் குறைக்க நேரிடுகின்றது. அவ்வாற்றலைக் காட்டும் எண் ஏ3/பி4 வகைக்குக் குறைந்தது 10 என்றும், சி3 வகைக்குக் குறைந்தது 6 என்றும் வகுக்கப்பட்டுள்ளது. எரிபொருளில் கந்தகம் மிகுந்தால் அமிலமும் மிகும். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் லாங்லைஃப்-04 வகை எண்ணெயைப் பெட்ரோல் எஞ்சின்களில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் சுவிட்சர்லாந்து, நார்வே, லீக்டன்ஸ்டைன் ஆகியவற்றிலும் மட்டுமே பயன்படுத்தலாம் எனப் பல ஆண்டுகள் விதித்திருந்ததற்கு இதுவே காரணம். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 எரிபொருள் வந்து, கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்காகக் குறைந்தது. அதற்கு முன்பு நம்மிடையே ஓடிய ஐரோப்பியக் கார்களுக்குக் கூறப்பட்ட அறிவுரையும் இன்றைய கார்களுக்குரிய அறிவுரையும் வேறுபடுவது இதனால்தான். பழைய அறிவுரையைப் புதிய வண்டிக்குக் கொள்ளலாகாது.

ஏ.சி.இ.ஏ. தரத்தோடு நில்லாமல், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் ஒப்புதல் எண்ணையும் வைத்திருக்கின்றது. ஃபோக்ஸ்வாகனுக்கு 502 00, 504 00, 507 00 என்பன. மெர்சிடிஸ் நிறுவனத்துக்கு 229.5, 229.51, 229.52 என்பன, பி.எம்.டபிள்யூ.வுக்கு லாங்லைஃப்-01, லாங்லைஃப்-04 என்பன. போர்ஷேவுக்கு ஏ40, சி30 என்பன. மெர்சிடிஸ் எண்களுள் 229.5 சாம்பல் மிகுந்தது; 229.51 சாம்பல் குறைந்தது. கடைசியில் நிற்கும் ஓர் எண் வேறுபட்டதனால் எண்ணெயின் இயல்பே வேறாகிவிடுகின்றது. ஃபோக்ஸ்வாகனின் 508 00 என்பது மிக மெல்லிய 0டபிள்யூ-20 எண்ணெய். புதிய எண்ணாக இருப்பதால் பழைய வண்டிக்கும் அது மேலானதாய் இருக்கும் என்று ஊற்றுதல் கூடாது. அதற்கென அமைந்த எஞ்சின்களுக்கே அது உரியது.

டப்பாவின் பின்புறத்தில் உள்ள சொற்களையும் ஊன்றிப் படித்தல் வேண்டும். ஒப்புதல் பெற்றது என்பது, கார் நிறுவனமே அவ்வெண்ணெயைச் சோதித்த முடிவுகளைக் கண்டு எழுத்து மூலம் இசைவளித்தது என்று பொருள்படும். தேவைகளை நிறைவு செய்வது, இன்ன வண்டிகளுக்குப் பரிந்துரைக்கப்படுவது என்பன எண்ணெய் விற்பவர் தாமே கூறிக்கொள்ளும் கூற்றுகள். அவை பொய்யென்பதில்லை, ஆனால் கார் நிறுவனத்தின் கையெழுத்து அவற்றுக்குப் பின்னால் இல்லை. காப்புறுதிக் காலத்தில் எஞ்சின் பழுதுற்றால் இவ்வேறுபாடு பெரிதாகிவிடும். மெர்சிடிஸ் போன்ற நிறுவனங்கள் தாம் ஒப்புதல் அளித்த எண்ணெய்களின் பெயர்ப்பட்டியலை வெளியிடுகின்றன. ஐயமுற்றோர் அதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆகவே, முதலில் காரோடு வந்த கையேட்டைத் திறந்து, அதில் கூறப்பட்ட ஒப்புதல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அக்கையேடு இசையும் பாகுநிலைகளுள் நம் வெப்பத்திற்கு ஏற்றதைத் தேருங்கள். பிறகு, அவ்வொப்புதலை உண்மையாகப் பெற்ற எண்ணெய்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றின் விலையை ஒப்பிடுங்கள். இவ்வரிசையை மாற்றி விலையிலிருந்தோ விளம்பரத்திலிருந்தோ தொடங்கினால் வழி தவறும். எந்த ஒப்புதல் எண்ணுக்குரிய எண்ணெய் ஊற்றப்பட்டது என்பதைப் பழுதுபார்க்கும் நிலையத்தாரிடம் கேட்டு, அதனைப் பட்டியலிலும் எழுதி வாங்குங்கள். இரண்டாங்கையாகக் கார் வாங்குவோர்க்கு இக்குறிப்பு வண்டியின் பிறப்புச் சான்று போல உதவும்.

இடைவெளியைப் பற்றியும் ஒரு சொல். 30,000 கிலோமீட்டர் என்பது நீண்ட சாலைகளில் ஓடும் வண்டிக்கு வகுத்த எல்லை. நெருக்கடியான நகரத்தெருவில் நின்று நின்று ஊர்ந்து, புழுதியையும் வெயிலையும் ஏற்கும் வண்டிக்கு இந்திய நிலையங்கள் கூறும் குறுகிய இடைவெளியே ஏற்புடையது. வெற்று டப்பாக்களைத் துளையிட்டு எறிவதும் நலம். அவற்றில் தாழ்ந்த எண்ணெயை நிரப்பி விற்போரின் தொழிலுக்கு அது தடையாகும்.

நேயர்களே! மருந்து உயர்ந்ததாயிருந்தால் மட்டும் போதாது. நோய்க்கு உரியதாகவும் இருத்தல் வேண்டும் என்று நம் வைத்தியர்கள் கூறுவார்கள். எஞ்சினுக்கும் அவ்வாறே. பத்து நிமிடம் செலவிட்டுக் கையேட்டின் ஒரு பக்கத்தைப் படிப்பவர், பல்லாண்டு உழைக்கும் எஞ்சினைப் பெறுகின்றார்.